லைட் பாக்ஸுக்குள் வந்த மாதா

1. பெட்ஷீட்டில் சுற்றிய சாம்பிள்

எங்கள் பனியன் கம்பெனியின் சாய லேபுக்கு சாம்பிள் என்றால் பிளாஸ்டிக் கவரில் வரும். அன்று காலை முதலாளியே ஒரு பெட்ஷீட் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பின்னால் எங்கள் கட்டிங் மாஸ்டர் சவரிமுத்து அண்ணன், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தவர் போல நின்றார்.

"அம்மிணி, நீ கெமிஸ்ட்ரி படிச்சது இன்னிக்குத்தான் ஒதவப் போவுது," என்றார் முதலாளி.

பிரித்தால் உள்ளே ஒரு படம். குழந்தையை மடியில் வைத்திருக்கும் மாதா. மரப்பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் வரைந்து, தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதித்தது. தஞ்சாவூர்ப் பாணி. மாதாவுக்குப் பட்டுச்சேலை, மூக்குத்தி எல்லாம் இருந்தது.

முதலாளிக்குப் பழைய பொருள் என்றால் பைத்தியம். அவர் வீட்டில் ஒன்பது சுவர்க் கடிகாரங்கள் உண்டு. மணி பார்க்க வேண்டுமென்றால் கையைத்தான் திருப்பிப் பார்ப்பார். சவரிமுத்து அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும். அதற்காகக் குடும்பப் படத்தை விற்கத் துணிந்திருந்தார்.

"நூறு வருசத்துப் படம்ங்கறாரு மாஸ்டரு. நம்ம சிநேகிதரு ஒருத்தரு பாத்துட்டு, போன வருசம் பண்ணுனதுங்கறாரு. பழசா இருந்தா இப்பவே எடுத்துக்கறேன். நீ பொட்டீல வெச்சுச் சொல்லு."

"இது பனியன் கலர் பாக்குற பெட்டிங்க."

"இதும் துணி மேலதான வரைஞ்சிருக்குது?"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

லேபுக்குப் புதிதாக வரும் உங்களுக்காகச் சொல்கிறேன். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று பல ட்யூப்கள் இருக்கும். கடைசி ஸ்விட்ச் யூ.வி. இப்போது விற்கும் வெள்ளைத் துணியில் ஒயிட்னர் ஏற்றியிருப்பார்கள். அறையை இருட்டாக்கி யூ.வி. போட்டால் அது நீல வெள்ளையாக ஒளிரும். நூறு வருஷத்துக்கு முன் ஒயிட்னர் கிடையாது. ஆகவே படத்தின் துணி ஒளிர்ந்தால் அது பழசு இல்லை.

இதை நான் எல்லோர் முன்னாலும் விளக்கினேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பெருமாநல்லூரிலிருந்து பஸ் ஏறிப் போய் பி.எஸ்ஸி. முடித்தவள். முதலாளி வாயைத் திறந்தபடி கேட்கிறார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? இன்னும் கொஞ்சம் விளக்கினேன்.

2. பெட்டி சொன்னது

பலகையின் ஓரங்களில் துணியைப் பின்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஓரம் தெரிகிற மாதிரி படத்தைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்து, திரையை இழுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஓரம் முழுக்க நீல வெள்ளையாக மினுங்கியது.

"அட, மின்னுதே," என்றார் முதலாளி.

"ஒயிட்னர் போட்ட துணிங்க. பழைய படம் இல்லீங்க."

சவரிமுத்து அண்ணன் வாசலை விட்டு உள்ளே வரவில்லை. "தங்கச்சி, எங்க தாத்தா கல்யாணத்துலயே அந்தப் படத்துக்கு முன்னால நின்னுதான் மாலை மாத்துனாங்களாம். நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

"பொய்யின்னு நாங்க சொல்லலீங்க மாஸ்டரு," என்றார் முதலாளி. "பொட்டி சொல்லுது."

சவரிமுத்து அண்ணன் பெட்ஷீட்டை நாலு மூலையும் சரியாகச் சேர்த்து மடித்துச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் கேன்டீன் வரை செய்தி போய்விட்டது. "மாஸ்டரு, மாதாவுக்கு அளவு வெட்டுனது நீங்களா, வெளிய ஜாப் ஒர்க் குடுத்தீங்களா?" என்று ஒரு பேக்கிங் பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

3. கறுப்புத் துணியில் வெள்ளைப் புள்ளி

மதியம் ஒரு கறுப்பு லாட் வந்தது. யூ.வி.யில் கறுப்பு ஒளிராது. இது ஒளிர்ந்தது, அங்கங்கே புள்ளி புள்ளியாக. விரலால் தட்டினேன், புள்ளி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பஞ்சுத் துகள். சற்று முன்புதான் மேஜையைக் கட்டிங் வேஸ்ட்டால், அதாவது வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டால், துடைத்திருந்தேன்.

அப்போதுதான் காலையில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. ஒயிட்னர் ஏற்றிய துணி ட்யூப்லைட் மாதிரி ஒரே சீராக ஒளிரும். காலையில் பார்த்தது சீரான ஒளி இல்லை. மினுக்கம். கண் பார்த்தது, நான் பார்க்கவில்லை.

கட்டிங் டேபிளுக்கு ஓடினேன். "அண்ணா, படத்தைக் கொண்டு வர்றதுக்கு முன்னால தொடச்சீங்களா?"

நிமிராமல் பதில் சொன்னார். "தொடைக்காம கொண்டாருவனா? மொதலாளி கையில குடுக்க பொருள்லா. நல்ல வெள்ளை வேஸ்ட்டாப் பாத்து எடுத்து, ஓரமெல்லாம் அழுத்தித் தொடச்சேன்."

திருப்பூரில் வேறு எதனால் துடைப்போம்? வண்டி, டிபன் பாக்ஸ், குழந்தை மூக்கு எல்லாவற்றுக்கும் கட்டிங் வேஸ்ட்தான். அதுவும் அன்று அவர் வெட்டியது எக்ஸ்போர்ட் வெள்ளை.

முதலாளியிடம் போய், "நான் சொன்னது தப்புங்க, மறுபடி பாக்கோணும்," என்றேன். அவர் கோபப்படவில்லை. "காலைல அவ்வளவு நேரம் பாடம் நடத்துனியே அம்மிணி," என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இந்த முறை சவரிமுத்து அண்ணனைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன். செலோ டேப்பை ஒட்டி ஒட்டித் துகளை எடுத்தோம். பின்பக்கச் சட்டத்தை அவரே கழற்றினார். எந்தக் கையும் துடைக்காத துணி அதற்கடியில் இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். ஒன்றும் ஒளிரவில்லை. டேப்பில் ஒட்டிய துகள் மட்டும் தனியாக மினுங்கியது.

"அப்பப் பழசுதான?" என்றார் முதலாளி.

ஆமாங்க என்று சொல்ல நாக்கு துடித்தது. "புதுசுன்னு சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒயிட்னர் போடாத காடாத் துணி இன்னிக்கும் கிடைக்குதுங்க. நூறு வருசம்னு இந்தப் பெட்டி சொல்லாதுங்க."

நூல் பார்க்கும் என் லென்ஸை வாங்கிப் பார்த்தவர் சவரிமுத்து அண்ணன். "மொதலாளி, இந்த நூலப் பாருங்க. ஒரு எடம் தடி, ஒரு எடம் மெலிசு. மில்லு நூல் இப்படியா இருக்கும்? கையால நூத்தது."

முதலாளி வெகுநேரம் குனிந்து பார்த்தார். பனியனிலேயே முடி நரைத்தவருக்கு நூலைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. "மாஸ்டரு, பணத்த வாங்கீட்டு நாளைக்கே புள்ளையக் கூட்டீட்டுப் போயிச் சேத்துங்க," என்றார்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. டீ நேரத்தில் கேன்டீனுக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் சிரித்த அத்தனை பேர் முன்னாலும், "மாஸ்டர் சொன்னது நிஜம், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றேன். பி.எஸ்ஸி. வைவாவில்கூட அவ்வளவு வியர்க்கவில்லை. பேக்கிங் பையன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வடையைத் தின்றான். சவரிமுத்து அண்ணன், "செரி தங்கச்சி, டீய எடு," என்றார். அவ்வளவுதான்.

லேபுக்கு வரும் ஒவ்வொரு பனியன் துண்டோடும் ஒரு கார்டு வரும். என்ன நூல், எந்தச் சாயம், எத்தனை முறை அலசியது என்று எழுதியிருக்கும். கார்டு இல்லாத சாம்பிளை நான் ஒருநாளும் தொட்டதில்லை. கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் பெட்டிக்குள் வைப்பேன். ஒரு மனிதரின் பெயரைச் சுமந்துகொண்டு வந்த அந்த ஒரு சாம்பிளை மட்டும், அவர் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் டெஸ்ட் பண்ணினேன்.