நீலக்கவசன் முதல் இதழைத் தேடித் தாப்பாவுக்கு

ஈப்போ பேருந்து நிலையம், 1983-ஆம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகால். தாப்பாவுக்குக் கட்டணம் இரண்டு வெள்ளி அறுபது காசு. தூரம் ஏறக்குறைய முப்பத்தைந்து மைல். என் பையில் விறைப்பான அட்டை இரண்டு, பிளாஸ்டிக் உறை ஒன்று, துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்று. வியர்த்த கையால் பழைய காமிக்ஸைத் தொடக்கூடாது என்பது என் முதல் விதி.

நான் தேடிப் போனது 'நீலக்கவசன்' முதல் இதழை. சென்னையில் அச்சாகிக் கப்பலில் வந்த சாகச வீரன் கதை அது. முப்பத்தாறு இதழோடு நின்றுவிட்டது. என்னிடம் முப்பத்தைந்து உண்டு. முதல் இதழ் மட்டும் தாப்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், என் பள்ளித் தோழன் அந்தோணியிடம் ஒன்பது வருடமாக இருந்தது. பதினைந்து வயதில் இருவரும் பாதிப்பாதி போட்டு வாங்கிய புத்தகம். அப்பாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. வேலை அனுமதி கிடைக்காமல் தோட்டத்தை விட்டு நாங்கள் ஈப்போவுக்குக் கிளம்பிய அன்று, "நீ வச்சிரு. பூச்சி அரிக்கக்கூடாது, மூலை மடங்கக்கூடாது. அடுத்த வாட்டி வரப்ப ரெண்டாவது புக்கு கொண்டாறேன்" என்று அவனிடம் சொன்னேன். அந்த அடுத்த வாட்டி இப்போதுதான் வந்தது. அதுவும், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு கல்யாண வீட்டில் கேள்விப்பட்டதால். எனக்கு வந்த கவலை அந்தோணியைப் பற்றியது அல்ல. வீடு மாறும் அமளியில் புத்தகம் தொலைந்துவிடுமே என்பதுதான்.

எட்டு மணிக்குப் பேருந்து கோப்பேங்கைத் தாண்டியது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி என் தோளில் விழுந்துகொண்டிருந்தார். நீலக்கவசனைப் படிக்காதவர்களுக்காக என் தீர்ப்பை இங்கேயே எழுதிவிடுகிறேன். பறக்கிற வீரர்களின் கதைகளை வாங்காதீர்கள். அடிபடாதவனுக்கு என்ன கதை? பயப்படத் தெரிந்தவன் கதையைத்தான் இரண்டாம் முறை படிக்க முடியும். நீலக்கவசன் பயப்படுவான். கவசத்தில் ஓட்டை விழுந்தால் அந்த ஓட்டை அடுத்த இதழிலும் இருக்கும். முதல் பதினோரு இதழ்களை வரைந்தவர் ஒருவர். பன்னிரண்டாவதிலிருந்து வேறு கை, முகங்களெல்லாம் பூசணிக்காய். அவற்றையும் சேர்த்திருக்கிறேன், வரிசை விட்டுப்போகக்கூடாதே என்ற கிறுக்கில். வாங்கும்போது நடுவில் குத்திய கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். மறுபதிப்பைத் தொடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வீரர்கள் உலகம் முழுக்கப் போய்க் காப்பாற்றுவார்கள். ஒருவன்கூட பால்மரக் காட்டில் இறங்கியதில்லை. எங்களைக் காலி செய்யச் சொன்ன நாளில் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் கார் ஒன்றுதான் வந்து நின்றது.

ஒன்பது மணி, தாப்பா. கேமரன் மலைக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம் முண்டியடித்தது. தோட்டத்துக்கு டாக்சி, நாலு மைல், இரண்டு வெள்ளி.

"அங்க யாரப் பாக்க போறீங்க அண்ணே? பாதி லயம் காலி லா" என்றார் ஓட்டுநர்.

"ஒரு புக்கு எடுக்கணும்."

"புக்கா?" அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பன்னண்டு மணிக்கு திரும்ப வாரேன். விட்டா வேற வண்டி கிடைக்காது."

அந்தோணி வீட்டு வாசலில் கட்டில், தகரப்பெட்டி, மாதா படம் எல்லாம் வெளியே வந்து கிடந்தன. இருபத்துநாலு வயதுக்கு அவன் கிழடு தட்டியிருந்தான். "மச்சான்!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவன் மனைவி மேரி கோப்பி போட்டுக் கொடுத்தாள். எங்கே போகப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

"புக்கு இருக்கா?" என்றேன்.

"இல்லாம? எங்க கல்யாண போட்டோவ எலி தின்னுச்சு. அத மட்டும் ஒரு பூச்சி தொடல" என்றாள் மேரி. அவள் சிரித்துக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தோணி பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. ரப்பர் வாடையும் புகை வாடையும் முகத்தில் அடித்தன.

"என்னடா இது?"

"நம்ம புக்குதான். நீ பூச்சி அரிக்கக்கூடாதுன்னு சொன்னியே. அட்டைக்கு மேல நல்ல ரப்பர் பாலா பாத்து மூணு தடவ பூசினேன். பொறவு புகைக் கொட்டாயில ஷீட்டோட ஷீட்டா தொங்க விட்டு எடுத்தேன். ஷீட்டுக்கு புகை போட்டா பூஞ்சை பிடிக்காதுல்ல, அதான்."

ரப்பர் தகட்டைப் பாதுகாக்கும் முறையில் காமிக்ஸைப் பாதுகாத்திருந்தான். தோட்டத்தில் பிறந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வராது. பூசிய பால் வெயிலுக்கு இளகி, பக்கங்களுக்குள் இறங்கி, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. பால்வெட்டும் கத்தியால் அவன் மெதுவாக ஓரத்தைப் பிரித்துப் பார்த்தான். நீல நிறத்தில் ஒரு முழங்கை வந்தது. அதற்கு மேல் காகிதம் பொடியானது.

"முட்டாள்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. படிப்பு வராதவன் கையில் புத்தகத்தைக் கொடுத்தது என் தப்பு என்றேன். மேரி கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தோணி கத்தியைத் துடைத்து வைத்தான்.

"நீ தொறக்கக்கூடாதுன்னு சொன்னியா, சொல்லலியா, ஞாபகம் இல்ல மச்சான். நான் தொறக்கல. ஒரு தடவதான் படிச்சேன்."

பன்னிரண்டு மணிக்கு டாக்சி வந்தது. அந்தக் கட்டியைச் செய்தித்தாளில் சுற்றி என் மடியில் வைத்தான். கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"மச்சான், கடைசிப் பக்கத்துல அவன் மலையிலேர்ந்து விழுவான்ல? பொழச்சானா?"

"பொழச்சான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

தாப்பாவிலிருந்து ஈப்போ பேருந்து பன்னிரண்டே முக்காலுக்கு. வாடை தாங்காமல் பக்கத்தில் இருந்தவர், கழிவு ரப்பர் என்று நினைத்து, "ஒட்டுப்பாலா அண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கம்பார் வந்தபோதுதான் உறைத்தது. அவனுக்குத் தருகிறேன் என்று சொன்ன இரண்டாவது இதழைக் கொண்டுபோக எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் பேருந்தில் மூலை மடங்கும் என்று வீட்டிலேயே வைத்திருப்பேன். ஒன்பது வருடம் ஒருவன் மலையிலிருந்து விழுகிறவனை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஈப்போவில் கண்டவர்களிடமும் நீலக்கவசனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற வாய் எனக்கு. அவனுக்கு ஒரே ஒரு சொல் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறே போயிருக்கலாம். வெட்கத்தில் இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். போனபோது லயம் இருந்த இடத்தில் செம்மண் மட்டும் இருந்தது. பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்ட வேலைக்குப் போனான் என்றார் ஒருவர், சிங்கப்பூர் என்றார் இன்னொருவர். பையில் இருந்த இரண்டாவது இதழைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

வரிசையிலேயே மோசமான இதழ் எது என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இரண்டாவது இதழ் என்பேன். மலையடிவாரத்தில் நீலக்கவசனே முன்கூட்டியே வலை கட்டி வைத்திருந்தான் என்று எழுதி, ஏமாற்றிக் காப்பாற்றியிருப்பார்கள். முன்பெல்லாம் அதற்காகத்தான் அப்படிச் சொல்வேன். இப்போது, அந்தோணி கைக்குப் போகாத இதழ் அது என்பதற்காக.