கை தவறியவர்களும் தத்திகளும்

என் மருமகள் கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டு, "நான் சுத்தத் தத்தி அத்தை" என்று சிரிக்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கிழவிக்குக் கைப்பேசி உடைந்த கோபம் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். நினைக்கட்டும்.

தமிழில் இதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று நடக்கும். அதில் கொஞ்சல்தான் இருக்கிறது. ஒருவன் எசகுபிசகாக விழுந்தான் என்றால் எங்கே அடி என்று கேட்பார்கள். அசமந்தம் என்று திட்டு வாங்கியவன்கூட நாளைக்குச் சுறுசுறுப்பாகிவிடலாம். தத்தி அப்படியில்லை. அது ஆளின் மேல் குத்திய முத்திரை, தேய்த்தாலும் போகாது.

அந்த முத்திரையை என் அப்பாவுக்குக் குத்தியவர் எங்கள் ஊர் மிராசுதார். அவருடைய ஆறு மா நிலத்தை அப்பா குத்தகைக்குச் செய்தார். குத்தகை என்றால் வாய்ச்சொல்தான். எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. அறுத்து, அடித்து, அவர் பங்கை அவர் களத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டும்போது நாலு நெல்மணி சிந்தினால் போதும், "தத்தி, தத்தி, ஒரு கூடையைச் சாய்க்கத் தெரியுதா உனக்கு?" என்பார். எங்கள் வீட்டில் நிறைகுடத்தைத் தளும்பாமல் இறக்கி வைக்கும் அப்பாவுக்கு அந்தக் களத்தில் மட்டும் கை நடுங்கும். நடுங்க வைத்தது யார் என்று நான் யாரையும் கேட்கத் தேவையில்லை.

அவர் மகன் ஒருநாள் புது டிராக்டரை வாய்க்கால் கரையில் ஏற்றிக் கரையை உடைத்து, எங்கள் நாற்றங்கால் முழுவதையும் தண்ணீரில் முக்கினான். மிராசுதார் வந்து பார்த்தார். "பாவம், கை தவறிடுச்சு" என்றார். பாவம் என்றது எங்கள் நாற்றைப் பார்த்து அல்ல, மகனைப் பார்த்து. அன்றைக்குத்தான் எனக்குச் சூத்திரம் பிடிபட்டது. அவர்கள் வீட்டில் கை தவறும், கால் தவறும். குற்றம் அந்தந்த உறுப்போடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் தவறினால் ஆளே தத்தி.

பிறகு ஆட்சி மாறியது. மிராசுதார் வேட்டியின் கரையையும் மாற்றிக்கொண்டார், மேடையில் ஏறி உழவனே உயர்ந்தவன் என்றெல்லாம் பேசினார். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததும் அந்த உயர்ந்த உழவனைக் கூப்பிட்டு, "சங்கத்துக்காரன் பேச்சைக் கேட்டு மனு கினு குடுத்தே, காலை ஒடிச்சிருவேன்" என்றார். அப்பா மனுக் கொடுத்தார். பெயர் ஏறினால் நிலத்தில் நிற்கலாம். ஏறாவிட்டால் அந்தச் சம்பாவோடு நாங்கள் வெளியே. எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

தாலுகா ஆபீஸ் விசாரணைக்கு அப்பாவோடு நான் போனேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மிராசுதார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நாங்கள் நின்றோம். அதிகாரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"சொந்தச் சாகுபடிங்க" என்றார் மிராசுதார். "ஆள் வச்சு நானே செய்யறேன். இவன் கூலிக்கு வர்றவன். சரியான தத்தி. இவன்கிட்ட போய் யாராவது நெலத்தை வுடுவாங்களா?"

அதிகாரியும் லேசாகச் சிரித்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமர்த்தியமாகப் பேச வேண்டும் என்று நான் எதையும் யோசிக்கவில்லை. அந்தச் சொல்லை அந்த ஆள் களத்தில் கொட்டியது போதாதென்று ஆபீஸிலும் கொண்டுவந்து கொட்டியதைத் தாங்க முடியாமல்தான் கேட்டேன்.

"எங்க அப்பா என்னத்தைப் பண்ணிட்டாங்கன்னு தத்திங்கிறீங்க? சொல்லுங்க, அதிகாரியும் கேக்கட்டும்."

ஒரு பெண் எதிர்த்துக் கேட்டதில் அவருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. எழுந்தே நின்றுவிட்டார். "என்ன பண்ணலை? பரம்படிச்சு வயலை மட்டம் பண்ணத் தெரியுமா உங்கப்பனுக்கு? மேட்டுல நாத்து காயுது, பள்ளத்துல அழுகுது. போன சம்பாவுல உரத்தைப் போட்டுட்டு மடையை அடைக்காம வுட்டான், அத்தனையும் வாய்க்கால்ல போச்சு. எவ்வளவு வெளைஞ்ச நெலம்! இத்தனை வருசமா செஞ்சு செஞ்சு கெடுத்தது இந்தத் தத்திதானே!"

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்ப இத்தனை வருஷமா இவர்தான் சாகுபடி செய்யறார்."

மிராசுதார் நாற்காலியைக் கையால் துழாவி உட்கார்ந்தார்.

"நான் அப்படிச் சொல்லலைங்க. ஏதோ... வாய் தவறிடுச்சு."

வாய்! கை, கால் எல்லாம் ஆகி, அன்றைக்கு வாயும் தவறிவிட்டது. நான் சிரித்தேன், அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தேன். மரியாதை தெரியாதவள் என்று பின்னால் எத்தனையோ பேர் சொன்னார்கள். தெரியாமல் இல்லை, கொடுக்க மனமில்லை.

அப்பாவின் பெயர் பதிவில் ஏறியது. அந்த அறுப்பிலும் களத்தில் நெல்லைக் கொட்டினார். நாலு மணி சிந்தத்தான் செய்தது. மிராசுதார் பார்த்துக்கொண்டு நின்றார், வாயைத் திறக்கவில்லை.

அவர் செத்துப்போனபோது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா போய்விட்டு வந்தார். அது அவர் குணம், எனக்கு வராது.

ஆனால் விசாரணை முடிந்த வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மிராசுதார் வீட்டில் மாடு பார்க்கிறவர் எங்கள் வாசலுக்கு வந்து, அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அங்க ஒன்னையப் பத்தித்தான் பேச்சு. இப்பல்லாம் தத்தின்னு இல்ல, திமிரு புடிச்சவன்னு திட்டுறாரு."

வரப்பு வெட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"என்னன்னு திட்டுறாரு? இன்னொரு தரம் சொல்லு."