காசு வாங்காத குரல்

கிரேக்கக் கதைகளில் வரும் சைரன்களைப் பற்றி மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடற்பாறையில் இருந்து பாடுவார்களாம். பாட்டைக் கேட்ட கப்பல்காரர் வீடுவாசலை மறந்து அங்கேயே கிடந்து செத்துப்போவார்களாம். வடிவான பெண் பாடினால் ஆம்பிளைகள் போய் விழுவது நாங்கள் இருக்கிற இந்தச் சுவிஸ் எம்மன்புரூக்கேயிலும் நடக்கிறதுதானே என்றேன்.

"இல்லையம்மா, அவையள் காதல் பாட்டுப் பாடேல்லை," என்றாள் மகள். "சண்டை முடிஞ்சு வீட்டை போறவனைப் பாத்து, அந்தச் சண்டையில நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும், வந்து கேள் எண்டுதான் பாடினவை."

அதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. பக்கத்து அறையில் அக்கா போனைக் காதில் வைத்தபடி இருந்தாள்.

அக்காவின் ஒரே மகன் இலங்கையில், ஊரில் நடந்த கடைசிச் சண்டையோடு காணாமல் போனவன். செத்துவிட்டான் என்று சொல்ல ஒருவரும் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் இல்லை. ஒரு கலியாண வீட்டில் யாரோ அவளுக்கு ஒரு பெண்ணின் போன் நம்பரைக் கொடுத்தார்கள். அருள்வாக்குச் சொல்கிறவளாம். எந்த நாட்டில் இருந்து கதைக்கிறாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. முதலில் ஒரு அம்மன் பாட்டுப் பாடுவாள். பொய் சொல்லக்கூடாது, உருக்கும் குரல். பிறகு, மகன் இருக்கிறான், கிட்ட வந்துவிட்டான் என்பாள். ஒரு சதம் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் கள்ளி என்று சொல்லியே அக்காவை மீட்டிருப்பேன்.

அக்காவின் மார்பில் கட்டி இருப்பதைக் கண்ட டாக்டர், உடனே வெட்டினால் பிழைக்கலாம் என்றார். குரலோ, மகன் வந்து சேரும்வரை உடம்பில் கத்தி படக்கூடாது என்றது. கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் போனைப் பறித்து ஒளித்தும் வைத்தேன். அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை.

"அவன் வாற நேரம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தா, ஆர் கதவு திறக்கிறது?" என்று கேட்டாள்.

"நீ செத்துப்போனா ஆர் திறக்கிறது?" என்றேன்.

கையை நீட்டினாள். போனைக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் லுசேர்ன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். எங்கும் பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை, நோகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

"பாத்தியோ, கத்தி வேண்டாமெண்டு அவ சொன்னது சரியாப் போச்சு," என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்க வைத்துவிட்டு, அவளுடைய போனோடு பால்கனிக்குப் போனேன். அந்தப் பெண்ணைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்று தூஷணமெல்லாம் வாய்க்குள் தயாராக இருந்தது. நம்பரை அழுத்தினேன். வணக்கம்கூட இல்லை, பாட்டுத் தொடங்கியது. பாட்டு முடியட்டும் என்று நின்றேன்.

"நான் அவவின்ர தங்கச்சி," என்று ஆரம்பித்தேன்.

"சின்னம்மாவோ," என்றது குரல். "உன்ர இடுப்பில வளந்த பிள்ளையெல்லே அவன். இப்பவும் உன்னைத்தான் கேக்கிறான்."

அக்கா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதை விளங்காத அளவுக்கு நான் விசரி இல்லை. கீழே பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"அம்மா," என்றேன், "பிள்ளை சாப்பிட்டானோ?"