இருபத்துநான்கு மணி நேரப் போத்தல்

மேலே இருநூற்றுப் பன்னிரண்டு, கீழே நூற்றுப் பதினெட்டு. பிரஷர் மெஷினில் அந்த எண்கள் வந்தபோது உம்மா குசினி நிலத்தில் அடுப்போரச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, கழுத்தெல்லாம் வியர்த்து, "நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்குது மகள்" என்றார். அரை மணித்தியாலம் கழித்து, அவர் எழுந்து மீனைக் கழுவத் தொடங்கிய பிறகு, மறுபடி கையில் கட்டி அழுத்தினேன். நூற்று இருபத்தாறு. நான் மருந்துக் குளிசை ஒன்றும் கொடுக்கவில்லை. தானாக ஏறியது, தானாக இறங்கியது.

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். உம்மாவுக்கு இருப்பது எல்லாருக்கும் இருக்கிற பிரஷர் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று திறந்து மூடுகிறது.

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருக்கிறேன். பிடித்தால் விடமாட்டேன். அன்று பின்னேரம் முழுக்கப் போனில் வாசித்தேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கிற அதிரீனல் சுரப்பி, நாம் பயந்தால் உடம்பை உசுப்பிவிடும் ஓமோனைச் சுரக்கிறது. அதில் கட்டி வந்தால் பயம் இல்லாமலே அந்த ஓமோன் கொட்டும். தலையிடி, வியர்வை, படபடப்பு மூன்றும் வந்து வந்து போகும். ஓமோன் உடைந்த மிச்சம் சிறுநீரில் இறங்குவதால், ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்தால் அளந்து சொல்லிவிடுவார்கள். கடைசியாக வாசித்ததை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்து வேறு ஒப்பரேஷன் செய்தால், மேசையிலேயே பிரஷர் ஏறி ஆள் முடிந்துவிடலாம். உம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் திகதி குறித்திருந்தது. இன்னும் மூன்று வாரம்.

வீட்டில் சொன்னேன். வீடென்றால் எனக்கு மூத்த ராத்தாவின் வீடு. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டுப் பெற்றவர்கள் பின்னறைக்குப் போய்விடுவார்கள். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு பின்னறையில் உம்மாவும் நானும். முன்பக்கம் ராத்தா, அவள் புருஷன் மச்சான், பிள்ளைகள்.

"மாமிக்கு இது புதுசா?" என்றார் மச்சான், தேத்தண்ணிக் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே. "நான் கொஞ்சம் சத்தமாக் கதைச்சா வரும். அதுக்கு எந்த லெப்பில டெஸ்ட் இரிக்கி?"

"நீங்க இல்லாத நேரமும் வருது மச்சான். எல்லாம் எழுதி வெச்சிரிக்கன்."

"எழுதுங்க, எழுதுங்க. கம்பஸ் போக முந்தியே டொக்டர் வந்திட்டா."

ராத்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலில் பார்த்த டொக்டர் நான் எல்லாம் எழுதிய கொப்பியைத் திறக்கவே இல்லை. இரண்டாமவர் திறந்து, "நீங்க போனைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க" என்றார். மூன்றாமவர் தலை நிமிராமல் டெஸ்டுக்கு எழுதித் தந்தார், என்னை வெளியே அனுப்பத்தான். அது போதும் எனக்கு.

லெப்பில் இருந்த பெண் பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று தந்தாள். அடியில் கொஞ்சம் அசிட். "இதை ஊத்திராதீங்க. இது இல்லாட்டி அளக்கிற சாமான் பழுதாப் போயிரும். காலைல முதல் போறதை விட்டிருங்க. அதுக்குப் பிறகு அடுத்த நாள் அதே நேரம் வரைக்கும் ஒவ்வொரு சொட்டும் இதுக்குள்ள வரணும். குளிருல வைக்கணும்."

குளிர் என்றால் பிரிட்ஜ். பிரிட்ஜ் முன்பக்கத்தில்.

"பாலும் இறைச்சியும் இரிக்கிற இடத்துல மூத்திரமா?" என்றார் மச்சான். "நஜீஸ் அது, அசுத்தம். நான் தொழுற ஊடு இது."

"மூடி இறுக்கம் மச்சான். பையிலயும் கட்டி வைப்பன்."

"முதல்ல உன்ட வாயை இறுக்கி மூடு" என்றாள் ராத்தா.

போத்தலைப் பின்னறை வாசலில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். மீன் ஏற்றுகிறவரிடம் ஒரு பழைய வெள்ளை ரெஜிபோம் ஐஸ்பெட்டியும் ஐஸும் வாங்கி வந்தேன். கீரி மீன் நாற்றம் எத்தனை கழுவியும் போகவில்லை. பாத்ரூம் சுவரோரம் பெட்டியை வைத்தேன்.

மறுநாள் சுபஹ் தொழுகையோடு தொடங்கினோம். உம்மாவுக்கு வெட்கம். ஒரு சொட்டுத் தெறித்திருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் உடுப்பு மாற்றி, முகம் கைகால் கழுவி வுழூ எடுத்து, பிறகுதான் தொழுதார். கொடியில் ஐந்து சீத்தைத் துணி காய்ந்தது. "எல்லாம் உனக்காகத்தான் மகள்" என்றார். எனக்காகவாம்.

அடுத்த நாள் லெப்பில் அந்தப் பெண் மூடியைத் திறந்து, ஒரு கடதாசித் துண்டைத் தொட்டெடுத்து நிறம் பார்த்தாள். "அசிட்டுக்கு என்ன நடந்த?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "இதை எடுக்க ஏலாது. புதுசாச் சேருங்க."

வீட்டுக்கு வந்து கேட்டேன். ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "நீ ஐஸ் வாங்கப் போன நேரம் பாத்தன். அடியில என்னமோ மஞ்சளாக் கெடந்த. மூக்கைக் குத்துற மணம். ஆரோ பாவிச்சதைக் கழுவாமத் தந்திரிக்காங்க எண்டு மூணு தரம் கழுவித் துடைச்சு வாசல்லயே வெச்சன். ஆர்ர மூத்திரத்திலயோ உம்மாட கை படணுமா?"

"மூளை இரிக்கா உனக்கு? அதுதான் மருந்து."

"அதை ஏன் சொல்லல்ல? எங்களுக்கு விளங்காதெண்டுதானே?"

அது உண்மை. அசிட்டைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. இவர்களுக்குச் சொல்லி என்ன என்று நினைத்திருந்தேன். அதை ஒத்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, "உம்மா மேசையில மௌத்தானா உன்ட கையாலதான்" என்றேன்.

பின்னால் உம்மா நின்றார். கதவைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

மெஷினோடு ஓடினேன். இருநூற்று இருபத்துநான்கு. ராத்தா உம்மாவின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தாள். இதற்கு முன் அவள் ஒருமுறையும் எட்டிப் பார்த்ததில்லை.

"மெஷின் பழுது" என்றாள். தன் கையில் கட்டச் சொன்னாள். நூற்றுப் பதினாறு. திரும்ப உம்மாவின் கையில் கட்டினாள். இருநூற்றுப் பத்து. அவளுடைய உள்ளங்கை முழுக்க உம்மாவின் வியர்வை. அதைத் தன் சட்டையில் துடைத்தாள்.

ஒப்பரேஷனுக்கு இனி ஒன்பது நாள். முடிவு வரப் பத்து நாள், அதுவும் போத்தல் கொடுத்த பிறகு.

"திகதியை விட்டா இன்னும் ஆறு மாசம்" என்று மச்சான் முன்பக்கத்திலிருந்தே சத்தம் போட்டார். "அதுவரைக்கும் வயித்துக் குத்தை ஆரு தாங்குற? இவவா?"

அவர் கேட்டதும் பிழையில்லை. கல் குத்தும் நாட்களில் உம்மா சுருண்டு கிடப்பதை நானும்தான் பார்க்கிறேன். ஆனாலும் நாளைக் காலை சர்ஜனிடம் போகிறேன். திகதியைத் தள்ளச் சொல்லிக் கேட்பேன். முடியாதென்றால், மயக்கம் கொடுக்கிற டொக்டரையாவது பார்க்க விடச் சொல்வேன். ராத்தாவைக் கூப்பிடவில்லை. அவளாகவே, "நானும் வாறன். உன்னைக் கதைக்க விட்டா அந்த மனிசன் எழும்பிப் போயிருவாரு" என்றாள்.

வரும் வழியில் லெப்பில் புதுப் போத்தல் எடுக்க வேண்டும். இந்த முறை அடியில் இருப்பது என்னவென்று வீட்டில் எல்லாருக்கும் சொல்வேன், மச்சானுக்கும். அவர் காதைப் பொத்தினாலும் சொல்வேன்.