வண்டி எங்கே வருகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை பார்க்கிறாள் சித்ரகலா. லீவு, கேட் பாஸ், கைரேகை மெஷின் யாரை ஏற்க மறுத்தது என்கிற பஞ்சாயத்து, எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். அப்பாவும் அம்மாவும் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். இவள் பிறந்தது இங்கே, பேச்சு மட்டும் இன்னும் அங்கே. சும்மா இருக்கத் தெரியாத பெண். கேன்டீன் டோக்கனுக்கு யாரும் கேட்காமலே ஒரு ஆப் செய்து, அதை ஒருத்தர்கூடத் திறந்து பார்க்காததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள்.

அவள் முன்னால் ஒரு நாள் கிட்டுசாமி வந்து நின்றார். சாமளாபுரத்திலிருந்து பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேனின் டிரைவர்.

"ஏனம்மிணி, என்ற பொழப்பு போயிரும்போல இருக்குதுங்க."

காதில் போனை வைத்துக்கொண்டு அவர் வண்டி ஓட்டியதை எச்.ஆர். அருள்செல்வன் மங்கலம் நால்ரோட்டில் பார்த்துவிட்டார். இன்னொரு முறை பார்த்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

"எடுக்காம விட்ருங்கண்ணே."

"எடுக்காட்டி நம்ம வண்டில வர்ற வேலாத்தாக்கா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருமுங்க. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு போனு. அத்தன பேருக்கும் ஒரே கேள்வி, வண்டி எங்க வருது!"

வண்டியில் ஜி.பி.எஸ். பெட்டி ஒன்று உண்டு. வண்டி போகும் இடமெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியாக ஊர்ந்துகொண்டிருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை. அந்தப் புள்ளிக்கு ஒரு வாய் கொடுத்தால் என்ன என்று தோன்றியது சித்ரகலாவுக்கு. மெசேஜ் ஆப்பில் கேள்வி கேட்டால் தானே பதில் சொல்லும் ஒரு சாட்பாட் செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்கு வெப்ஹூக் போடணும்ண்ணே."

"ஊக்கா? அது எங்கீங்க மாட்டறது?"

"எங்கயும் மாட்ட வேணாம். மெசேஜ் வந்துச்சா வந்துச்சான்னு நாம போய்ப் பாத்துக்கிட்டே இருக்கிறதுக்குப் பதிலா, நம்ம முகவரிய ஆப்புகிட்ட குடுத்து வச்சிர்றது. மெசேஜ் வந்த நிமிசமே அதுவே கொண்டாந்து வாசல்ல போட்டுரும். நம்ம புரோகிராம் படிச்சுப் பாத்துப் பதில் சொல்லும்."

"பால்காரன் மாதிரீங்க."

"அதேதாண்ணே."

மதியச் சாப்பாட்டு நேரங்களில் வேலை நடந்தது. ஆப்பின் அமைப்புப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து, ரகசியச் சொல்லையும் அடித்தாள். சரிபார்க்க முடியவில்லை என்றது. அந்த ஆப் முதலில் ஓர் எண்ணை அனுப்பும். அதே எண்ணை அப்படியே திருப்பிக் கொடுத்தால்தான் முகவரி சரி என்று நம்பும். இவளுடைய புரோகிராமோ எண்ணுக்கு முன்னால் ஒரு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தது. மரியாதையை எடுத்தாள், பச்சை டிக் விழுந்தது. தன் போனிலிருந்து "வண்டி எங்கே" என்று அடித்துப் பார்த்தாள். டக்கென்று பதில் வந்தது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இனி டிரைவரைக் கூப்பிட வேண்டாம், இந்த நம்பரைக் கேளுங்கள் என்று வண்டிப் பெண்கள் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலை சாட்பாட் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகக் கிட்டுசாமியின் போன் அடித்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரங்கட்டிப் பேசி, கம்பெனி மணி அடித்த பிறகு வந்து சேர்ந்தார். அருள்செல்வன் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"சனிக்கிழமை நானே உங்க வண்டில வர்றனுங்க. உங்க போன் ஒருவாட்டி அடிச்சாலும் சாவி வேற ஆளுக்குத்தான்."

சித்ரகலா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். தன் விளையாட்டில் அவர் வேலை போய்விடக் கூடாதே. வெப்ஹூக்கில் வந்ததையெல்லாம் திறந்து பார்த்தாள். மெசேஜ்கள் ஒன்றுவிடாமல் வாசலுக்கு வந்திருந்தன, ஆனால் ஒன்றில்கூட எழுத்து இல்லை. எல்லாம் குரல். இடையிடையே காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்கள். எழுத்தை மட்டும் படிக்கத் தெரிந்த புரோகிராம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

செக்கிங் செக்‌ஷனுக்கு ஓடினாள்.

"ஏன்க்கா, எழுதி அனுப்ப மாட்டீகளா?"

வேலாத்தாள் பனியனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு கையில தூக்குப்போசி, ஒரு கையில கொடை. மூக்குலயா கண்ணு டைப் அடிக்கிறது?"

குரலை எழுத்தாக்க வழி உண்டா என்று தேடிக்கொண்டே, வந்த குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பின்னால் நாய் குரைக்க ஒருத்தி, விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி ஒருத்தி, "சாமி, சோறு கட்டீட்டேன், ரெண்டு நிமிசம் நில்லு" என்று வேலாத்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். இதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இந்த நம்பரிடம் யாரும் வேறெதுவும் கேட்கப் போவதில்லையே. குரலோ, எழுத்தோ, ரோஜாப்பூவோ, எது வந்தாலும் வண்டி இருக்கும் இடத்தைச் சொல் என்று மாற்றினாள். புதிதாக எழுதியதைவிட அழித்ததுதான் அதிகம்.

சனிக்கிழமை அருள்செல்வன் முன் சீட்டில் ஏறினார். சித்ரகலாவும் விடியலிலேயே சாமளாபுரம் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கிட்டுசாமியின் போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஊமையாகக் கிடந்தது. செத்துகித்துப் போய்விட்டதோ என்று அவர் அதை எட்டி எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெண்கள் தயாராக நின்றார்கள். ஏறும்போதே வேலாத்தாள் போனைத் தூக்கிக் காட்டினாள். "நில்லுன்னு சொன்னனுங்க. வண்டி கொளத்தைத் தாண்டீருச்சுன்னு மெரட்டுதுங்க!"

மங்கலம் தாண்டியதும் போன் அடித்தது. கிட்டுசாமியின் முகம் வெளுத்தது. பெண்கள் எல்லாரும் ஸ்டியரிங் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அடித்தது அருள்செல்வனின் போன்.

"ஆமா, வண்டிலதான். மங்கலம் தாண்டியாச்சு. அட, வந்துட்டே இருக்கறன் மைதிலி, போன வெய்யி."

பின்னாலிருந்து வேலாத்தாள் குரல் கொடுத்தாள். "சார், வீட்டு அம்மணிக்கும் நம்ம நம்பரையே குடுத்துருங்க!"

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். அடக்கிப் பார்த்து முடியாமல் அருள்செல்வனும் சிரித்துவிட்டார். கம்பெனி வாசலில் இறங்கும்போது, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க," என்றார். சித்ரகலாவிடம், மற்ற வண்டிகளுக்கும் இதைப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

எல்லாரும் இறங்கிய பிறகு கிட்டுசாமி போனை வாய்க்கருகே பிடித்து, கூச்சத்தோடு கேட்டார்: "ஏனுங்க, வண்டி எங்கீங்க வருது?"

பதில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவர் முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"கம்பெனி வாசல்ல நிக்குதாமுங்க அம்மிணி! கரெக்ட்டாச் சொல்லுதுங்க!"