எவெங்கி வீரகதையில் நான் வெட்டிய வரிகள்

2024 நவம்பர் 17, ஞாயிறு, மாலை ஐந்து பத்து. தூறல். எங்கள் வாசகர் வட்டத்தில் எவெங்கி இலக்கியம் பற்றிப் பேச எழுந்தேன். எதிரில் பதினோரு பேர். மேசைமேல், ஆங்கில வழியாக நான் தமிழாக்கி என் செலவில் அச்சடித்த எவெங்கி வீரகதை, இருநூறு பிரதி. கூட்டத்துக்குப் பிடித்தால் பள்ளி நூலகங்களில் சேர்த்துவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் அத்தனையும் என் கட்டிலுக்கடியில்தான்.

சைபீரியக் காடுகளில் துருவ மான் மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் எவெங்கியர். அவர்கள் மொழிக்கு எழுத்து வந்து நூறாண்டுகூட ஆகவில்லை. முதலில் லத்தீன் எழுத்து. சில ஆண்டுகளிலேயே ரஷ்ய எழுத்து. பள்ளிக்கூடம் போன வேட்டைக்காரர் பிள்ளைகள் காட்டையும் ஆற்றையும் தம் இளமையையும் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் ரஷ்ய மொழியிலேயே எழுதினார்கள். இதற்கெல்லாம் முந்தியது வாய்மொழி வீரகதை. அதில் கதையைச் சொல்வார்கள். வீரன் பேசுவதை மட்டும் பாடுவார்கள்.

அந்தப் பாட்டு வரிகள் மூலத்தில் இரண்டிரண்டு முறை இருந்தன. ஒரே வரி எதற்கு இரண்டு தடவை என்று அறுபத்து நான்கை வெட்டினேன். நான்கு பக்கம் மிச்சம்.

பாட்டு வந்த இடத்தை வெறுமனே வாசிக்கக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். வருடந்தோறும் பாரதக் கூத்து பார்க்கிறவர்கள் அல்லவா, பின்வரிசைக்காரர்கள் பழக்கத்தில் அந்த வரியை வாங்கித் திருப்பிப் பாடிவிட்டார்கள். அதற்குள் நான் அடுத்த வரியில் இருந்தேன். இரண்டும் முட்டிக்கொண்டன. சிரிப்பு.

“இன்னா சார், நாங்க வாங்கிப் பாடறதுக்குள்ள ஓடறீங்க?” என்றார் ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர். “பின்பாட்டுக்கு எடம் உடுங்க.”

“அவருக்கு பஸ்ஸு போயிடும்பா,” என்றார் செயலாளர்.

நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒவ்வொரு வரியும் எனக்கே திரும்பி வந்தது. காட்டிலும் கேட்பவர்கள் இப்படித்தான் ஒவ்வொரு வரியையும் திருப்பிப் பாடுவார்கள் என்று முன்னுரையில் நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு, அவர்கள் பாட வேண்டிய அந்த இரண்டாவது தடவையை வெட்டியிருக்கிறேன்.

முடிந்ததும் செயலாளர் ஒரு புத்தகக் கட்டைத் தூக்கினார். “சூப்பர் சார். நாளைக்கே நூலகத்துல குடுத்துடறேன்.”

“வேணாம்பா. கீழ வையி. ரெண்டாவது தடவ வர்ற வரியெல்லாம் நான் வெட்டிட்டேன்.”

“இன்னா சார், நல்லாத்தானே இருக்குது? அடுத்த அச்சுல சேத்துக்கலாமே.”

“இங்க நீங்க பாடனீங்க. நூலகத்துல ஒண்டியா படிக்கிற புள்ளைக்கு யார் பாடுவாங்க?”

வீட்டுக்குப் போகும்வரை செலவை நினைத்து மனம் அரித்தது. ஆனாலும் வெட்டிய வரிகளைச் சேர்த்து மறுபடி அச்சடிக்க மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். பழைய பிரதிகளை எடைக்குப் போட்டது போக, எனக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.