மந்தாவின் தம்பி டிவியில் செத்தது

மந்தா ஷிர்க்கேயின் வீடு எங்களுக்கு மூன்றாவது கதவு. மும்பையை ஒட்டிய கல்வாவில் இந்த வீட்டு வரிசைக்கு நான் வாழ வந்தபோது அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அந்த வருஷம்தான் அவள் தம்பி சுதேஷ் செத்துப்போனான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பையன். ஒருநாள் கடையை அடைத்துவிட்டுக் கிளம்பியவன், மறுநாள் கழிமுகத்துச் சேற்றில் பின்மண்டை உடைந்து கிடந்தான். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மந்தா மருந்துக் கம்பெனியில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டப் போனாள். இன்னமும் அதுதான் வேலை.

அவள் அப்பா தாமோதர் காகா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருதரம் வெள்ளைத் தொப்பியை வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். மந்தாவும் கூடப் போவாள். "விசாரிச்சிட்டிருக்கோம் காகா" என்பார்கள். இருவரும் திரும்பி வருவார்கள்.

போன வருஷம் டிவிக்காரர்கள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ரண்வீர் வாராவாரம் கொலைகாரனைப் பிடிக்கும் அந்த இந்தித் தொடருக்கு உண்மைச் சம்பவம் வேண்டுமாம். கதை எழுதுகிற பெண் ஒருத்தி ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கேட்டாள். மந்தா அவளுக்கு அவல் தாளித்துக் கொடுத்தாள், தம்பியின் போட்டோக்களைக் காட்டினாள், தொண்டை கட்டும்வரை பேசினாள்.

"ஊரே பாக்குது வஹினி" என்று என்னை அண்ணி முறையில் கூப்பிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு அந்தப் பக்கமா போனவன் எவனாவது பாப்பான். மனசு உறுத்தி வாயைத் தொறப்பான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினோம். எங்களுடையதுதான் பெரிய டிவி. எதிர்வீட்டு ஜாதவ் வடாபாவை மென்றுகொண்டே, திரையில் வந்த ரண்வீரைக் காட்டி, "பதினேழு வருஷமா அதே கறுப்புக் கண்ணாடி. தொப்பை மட்டும் வளந்துக்கிட்டே போகுது பாரு" என்றார். மந்தாகூடச் சிரித்தாள்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் கடை செல்போன் கடையாகியிருந்தது. சுதேஷ் தலைமுடியில் ஜெல் தடவிய சன்னி என்பவனாகியிருந்தான். சன்னிக்கு ஒரு பில்டரின் மனைவியோடு தொடர்பு. சன்னியின் அக்கா உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வீட்டுப் பங்குக்காகத் தம்பியோடு சண்டை போட்டாள். இரண்டு நாள் மழையில் ஊறிய சேற்றிலிருந்து ரண்வீர் பளபளவென்று ஒரு கம்மலை எடுத்தார். ரண்வீர் விட்ட ஒரே அறையில் பில்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். விலங்கு மாட்டியதும் பாட்டுப் போட்டார்கள். கதையாகப் பார்த்தால்கூட மட்டமான கதை.

"சேறு எவ்ளோ சுத்தமா இருக்கு" என்றாள் மந்தா.

காகா மெதுவாக எழுந்து, என் கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மந்தா அந்த எழுத்துக்காரியிடம் என் போனிலிருந்து பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"கடைசில கைது இருந்தே ஆகணும் மேடம். இல்லன்னா ஜனங்க திட்டுவாங்க" என்றாள் அந்தப் பெண்.

"நான் சொன்னதுல ஒண்ணு கூட வைக்கலியேம்மா."

"கடைன்னு ஒண்ணு வெச்சோமே மேடம்."

கம்பெனியில் கூட வேலை செய்கிறவள் அவளிடம், "வீட்டுப் பங்கு கடைசில யாருக்குடி வந்துச்சு?" என்று கேட்டாளாம். காய்கறிக்காரி, "எப்படியோ பிடிச்சுட்டாங்கல்ல, நிம்மதி" என்றாளாம். மந்தா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றாள் என்னிடம்.

மாசக் கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற நாள் வந்தது. நான் அவர்கள் வீட்டுக்குத் தயிர் கடன் வாங்கப் போயிருந்தேன். காகா தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தொப்பி ஆணியிலேயே தொங்கியது.

"பாபா, கிளம்பலையா?"

"நீ வேணா போயிட்டு வாம்மா."

"என்ன பாபா, நீங்களும் அதை நெசம்னு நம்பிட்டீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா?" காகா பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொய்யின்னு தெரியும். அந்தப் படியெல்லாம் ஏறி ஏறி முட்டி போச்சு மந்தா. பொய்யாவாவது ஒருத்தன் கையில விலங்கு மாட்டினதைக் கண்ணால பாத்துட்டேன். எனக்கு அது போதும்."

மந்தா கைப்பையை எடுத்தாள். பிறகு செருப்பை மாட்டினாள். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன்.

ஸ்டேஷனில் புதிதாக வந்திருந்த கான்ஸ்டபிள், பெயரைக் கேட்டு, பக்கத்து மேஜைக்காரர் 'டிவியில வந்ததுதான்' என்றதுமே, "அட, அந்த சன்னி கேஸா? நானும் பாத்தேனே. இந்தப் பொம்பளை விவகாரத்தை அப்பவே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

மந்தா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்துவிட்டு, "அவன் பேரு சன்னி இல்ல சாப். சுதேஷ். ஜெராக்ஸ் கடை" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். குரலில் கோபமே இல்லை. பஸ் போகும் ஊர்களைச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். கான்ஸ்டபிள் பாதியில் கைபேசியைக் கீழே வைத்தார். கேட்டு முடித்துவிட்டு, "சரிம்மா, பாக்கிறோம்" என்றார். எல்லாரும் சொல்வதுதான்.

வீட்டுக்கு வந்தபோது காகா குக்கரை அடுப்பில் ஏற்றியிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"பாக்கிறோம்னாங்க."

"உம். கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து அவள் தனியாகத்தான் போகிறாள்.